கேதார், பத்ரி, கூடவே கொஞ்சம் மலையேற்றம்: உத்தராகண்ட் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இமயமலையில் சுவாமி கும்பிடப் போகிறவர்களும் சரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறப் போகிறவர்களும் சரி, பெரும்பாலும் ரிஷிகேஷைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு கூட்டமும் கேட்கும் கேள்விகள் முக்கால்வாசி ஒன்றேதான். அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். பேருந்து நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறுபவை, அதனால் அவற்றைத் தொடவில்லை.

உத்தராகண்ட் முழுக்கப் புண்ணியத் தலம்தானா?

கிட்டத்தட்ட. 2000 நவம்பர் 9 அன்று உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்த மாநிலம் இது. மேற்கே கட்வால், கிழக்கே குமாவுன் என்று இரண்டு பெரும் பகுதிகள். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய நான்கு தாமங்களும் கட்வாலில் இருக்கின்றன. நைனிதால், அல்மோரா, ஜாகேஷ்வர் கோயில்கள், ஆதி கைலாசம் எல்லாம் குமாவுன் பக்கம். அது தனியாக ஒரு பயணத்துக்கு உரிய ஊர், இங்கே பேசப்போவது கட்வாலைத்தான்.

நான்கு தாமத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். யமுனோத்ரியில் தொடங்கி கங்கோத்ரி, கேதார், பத்ரி என்று மேற்கிலிருந்து கிழக்காகப் போவதுதான் மரபு. பிரதட்சிணம் வருவது போல.

ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நான்கு கோயிலுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலைச்சாலை. பகலெல்லாம் வண்டியில் குலுங்கி, இருட்டிய பிறகு ஏதோ ஒரு விடுதியில் படுத்து, விடியும் முன் எழுந்து மறுபடி வண்டி ஏறுவது. ஒரு வாரம் கழித்து எந்த ஊரில் எந்த நதியைப் பார்த்தோம் என்பதே குழம்பிவிடும். கேதாரும் பத்ரியும் மட்டும் போதும், நடுவே சோப்டாவில் ஓர் இரவு தங்குங்கள். கேதாரிலிருந்து பத்ரி போக இரண்டு வழி உண்டு. ருத்ரபிரயாகைக்கு இறங்கிப் போவது ஒன்று, ஊகிமட், சோப்டா, கோபேஷ்வர் வழியாகக் காட்டுக்குள் போவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் கேட்டு வாங்குங்கள். சில ஓட்டுநர்கள் முனகுவார்கள். பரவாயில்லை.

நாள் கணக்கு வேண்டுமானால் இப்படி: ரிஷிகேஷிலிருந்து முதல் நாள் குப்தகாசி. இரண்டாம் நாள் கேதாருக்கு ஏறி மேலேயே தங்கல். மூன்றாம் நாள் இறக்கம். நான்காம் நாள் சோப்டா, அங்கிருந்து துங்கநாத் சிவன் கோயில். ஐந்தாம் நாள் பத்ரி. ஆறாம் நாள் அங்கேயே. அப்புறம் இரண்டு நாளில் நிதானமாகக் கீழே. இதற்கு மேல் இரண்டு நாள் சும்மா கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு மலையில் இருக்கவே கூடாது. இந்த ஊரில் அட்டவணை போடுவது நாம், அதைத் திருத்துவது மழையும் மண்சரிவும்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் பாதி வரை. மழை கழுவிவிட்டுப் போன வானம், தெளிவாகத் தெரியும் பனிச்சிகரங்கள், மே மாதத்தைவிடக் குறைந்த கூட்டம். இரவில் குளிர் கடுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

மே, ஜூனில் பள்ளி விடுமுறை, அதனால் நாடே அங்கே திரண்டிருக்கும். 2023-இல் கேதாருக்கு மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், அதில் பெரும்பங்கு முதல் இரண்டு மாதங்களில். ஜூலை, ஆகஸ்ட் பருவமழைக் காலம். மலர்ப் பள்ளத்தாக்கைப் பார்க்க மட்டும்தான் அந்த மாதங்களில் மலைக்குள் போகக் காரணம் இருக்கிறது. ஜூலை வாக்கில் காவடி யாத்திரை வேறு. ஹரித்வாரில் கங்கை நீர் எடுக்க லட்சக்கணக்கான சிவபக்தர்கள் நடந்து வருவார்கள், அந்த நாட்களில் டெல்லியிலிருந்து ஹரித்வார் வரை சாலை உங்களுடையது இல்லை.

நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும்?

யமுனோத்ரியும் கங்கோத்ரியும் அட்சய திருதியையை ஒட்டித் திறக்கும். கேதாரின் தேதியை மகா சிவராத்திரி அன்று ஊகிமட் ஓங்காரேஷ்வர் கோயிலில் பஞ்சாங்கம் பார்த்து அறிவிப்பார்கள். பத்ரியின் தேதி வசந்த பஞ்சமி அன்று நரேந்திரநகரில், பழைய டெஹ்ரி ராஜாவின் அரண்மனையில் குறிக்கப்படும். 2025-இல் முதல் இரண்டும் ஏப்ரல் 30, கேதார் மே 2, பத்ரி மே 4 என்று திறந்தன.

சாத்துவது தீபாவளிக்குப் பிறகு. கங்கோத்ரி தீபாவளிக்கு மறுநாள் அன்னகூட்டத்தன்று, யமுனோத்ரியும் கேதாரும் அதையடுத்த பாய் தூஜ் அன்று. பத்ரி இன்னும் சில வாரம் தாங்கும், நவம்பரில் சாத்துவார்கள்.

முன்பதிவு கட்டாயமா?

கட்டாயம். மாநில அரசின் யாத்திரைப் பதிவு இணையதளத்திலோ, அவர்களுடைய டூரிஸ்ட் கேர் உத்தராகண்ட் செயலியிலோ செய்யலாம். கட்டணம் இல்லை. ஹரித்வார், ரிஷிகேஷில் நேரடிப் பதிவு மையங்களும் இருக்கின்றன. ஆனால் மே மாத வரிசையைப் பார்த்தவர்கள் அந்த யோசனையையே விட்டுவிடுவார்கள். எந்தத் தாமம், எந்தத் தேதி என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். வழியில் அதைச் சரிபார்ப்பார்கள், அதனால் கியூஆர் குறியீடு உள்ள தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி அங்கே சிக்னல் இல்லாமலும் சார்ஜ் இல்லாமலும் போகும் பொருள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

டெல்லி வந்து, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ். விமானம் என்றால் டேராடூன் ஜாலி கிராண்ட், அங்கிருந்து ரிஷிகேஷ் ஒரு மணி நேரத்துக்குள். ரிஷிகேஷிலிருந்து கர்ணபிரயாகை வரை 125 கி.மீ. ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பகுதி சுரங்கம். அது முடிந்தால் கதையே வேறு. அதுவரை எல்லாம் சாலைதான்.

ரிஷிகேஷிலிருந்து கேதாருக்கான சோன்பிரயாகை சுமார் 210 கி.மீ., பத்ரி கிட்டத்தட்ட 300 கி.மீ. சமவெளிக் கணக்கில் ஐந்து மணி நேரம் என்று நினைக்காதீர்கள். சோன்பிரயாகைக்கே எட்டு, ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பத்ரிக்கு இரண்டு நாளாகப் பிரித்துப் போவது உடம்புக்கு நல்லது. இரவில் யாத்திரைச் சாலைகளில் வண்டியை விட மாட்டார்கள், அதனால் அதிகாலையில் கிளம்பிப் பழகுங்கள். வளைவுகளில் வாந்தி வரும் என்பவர்கள் மாத்திரையை வண்டி ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், தேவபிரயாகையில் தேடினால் பயனில்லை.

அந்த வழியில் நம் பாடல் பெற்ற தலங்கள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன, அதுவும் ஒரே சாலையில் வரிசையாக. தமிழ்நாட்டிலிருந்து போகும் பலர் பத்ரி ஒன்றைத்தான் திவ்ய தேசம் என்று நினைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலாவது தேவபிரயாகை, ரிஷிகேஷிலிருந்து 70 கி.மீ. கங்கோத்ரியிலிருந்து வரும் பாகீரதியும் பத்ரியிலிருந்து வரும் அலக்நந்தாவும் இங்கேதான் சேர்கின்றன, இங்கிருந்துதான் அதற்குக் கங்கை என்று பெயர். சேரும் இடத்துக்கு மேலே இருக்கும் ரகுநாதர் கோயிலைத்தான் பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடியதாக வைணவ மரபு. சாலையிலிருந்து பார்த்தால் சங்கமம் படம் எடுக்க மட்டும் ஓர் இடம் போலத் தெரியும். பாலத்தைக் கடந்து, படியேறி, அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், கோயிலைப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது ஜோஷிமட். இப்போது அதிகாரப்பூர்வமாக ஜோதிர்மட். அங்குள்ள நரசிம்மர் கோயிலைத் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வணங்குகிறார்கள். இந்த நரசிம்மரின் ஒரு கை நாளாக ஆக மெலிந்துகொண்டே வருகிறது, அது ஒடியும் நாளில் நர, நாராயண மலைகள் ஒன்றுசேர்ந்து பத்ரிக்கு வழி அடைபடும், அப்புறம் சுவாமி பவிஷ்ய பத்ரி என்ற வருங்கால பத்ரிக்குப் போய்விடுவார் என்று உள்ளூரில் சொல்வார்கள். மூன்றாவதுதான் பத்ரி, ஆழ்வார்களின் வதரி.

சைவர்களுக்குக் கேதாரம். சம்பந்தரும் சுந்தரரும் அதைக் காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள். கேதாரத்துக்கு ஏறத் தொடங்கும் கௌரிகுண்டையே சம்பந்தர் பாடிய அநேகதங்காவதம் என்று கொள்வதும் உண்டு. எல்லோரும் அங்கே ஜீப்பிலிருந்து குதித்துக் கைத்தடி வாங்க ஓடுவார்கள். கௌரி கோயிலுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கேதார்நாத் ஏற்றம் எவ்வளவு கஷ்டம்?

உண்மையைச் சொன்னால், நிறையப் பேர் நினைப்பதைவிடக் கஷ்டம். சோன்பிரயாகையில் உங்கள் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து 5 கி.மீ. பகிர்வு ஜீப்பில் கௌரிகுண்ட். அதற்கு மேல் 16 கி.மீ. நடை. கௌரிகுண்ட் 1,982 மீட்டர் உயரம், கோயில் 3,583 மீட்டர். ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறுகிறீர்கள். கோயில் இருக்கும் உயரம் தொட்டபெட்டா உச்சியைவிட 900 மீட்டருக்கு மேல் அதிகம்.

2013-க்கு முன் இது 14 கி.மீ. பாதை. அந்த ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் விடாத மழையும், கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்ததும் சேர்ந்து மந்தாகினியில் பெருவெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பாதி வழியில் இருந்த ராம்பாடா என்ற ஊரே இல்லாமல் போனது. இப்போதைய பாதை ராம்பாடா அருகே ஆற்றைக் கடந்து எதிர்க்கரை வழியாக லிஞ்சோலிக்கு ஏறுகிறது, அந்தப் பகுதிதான் மிகச் செங்குத்து. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரும்பாறை கிடக்கிறது. வெள்ளம் உருட்டி வந்த பாறை, நீரை இரண்டாகப் பிரித்துக் கோயிலைக் காத்தது. பீம சிலா, அதாவது பீமன் பாறை, என்று அதற்கும் இப்போது பூ வைக்கிறார்கள்.

தினமும் நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற ஏழு, எட்டு மணி நேரம். பழக்கம் இல்லாதவர்களுக்குப் பத்துக்கு மேல். விடியற்காலை ஐந்துக்குள் கௌரிகுண்டில் இருந்தால் மதிய மழைக்கு முன் பெரும்பகுதி ஏறிவிடலாம். ஜங்கிள் சட்டி, பீம்பலி, லிஞ்சோலி என்று நிறுத்தங்கள் உண்டு, டீக்கடைகளுக்குக் குறையே இல்லை. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். சமதரையில் நடப்பது இதற்கு உதவாது, முழங்காலுக்கு உண்மையான சோதனை இறக்கத்தில்தான்.

ஒரே நாளில் ஏறி இறங்குவது வேண்டவே வேண்டாம். மேலே தங்கினால்தான் மாலை ஆரத்தி கிடைக்கும், காலையில் கோயிலுக்குப் பின்னால் பனிமலை வெயிலில் துலங்குவதும் கிடைக்கும். பைரவர் கோயில் மேட்டுக்கு ஏறினால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். கோயிலுக்குள் கைபேசிக்கும் படம் எடுக்கவும் தடை. நல்ல விஷயம்.

குதிரை, டோலி, ஹெலிகாப்டர்: எது சரி?

குதிரை என்று சொன்னாலும் பெரும்பாலும் கோவேறு கழுதைகள். அரசு கவுன்டரில் நிர்ணயித்த கட்டணத்துக்குச் சீட்டு வாங்குங்கள், வழியில் பேரம் பேசாதீர்கள். ஏறும்போது சரி, இறங்கும்போது முதுகைப் பதம் பார்க்கும். நடக்கிறவர்கள் எப்போதும் மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் நின்றால் விலங்கு இடித்தால் போச்சு. நொண்டும் விலங்கு, புண் உள்ள விலங்கு என்றால் ஏறாதீர்கள். டோலியை நான்கு பேர் தூக்குவார்கள், கண்டி என்பது ஒருவர் முதுகில் சுமக்கும் கூடை நாற்காலி. முடியாத பெரியவர்களுக்கு டோலி நல்ல வழிதான்.

ஹெலிகாப்டர் குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து போகும். ஐஆர்சிடிசியின் ஹெலி யாத்ரா தளத்தில் மட்டும் முன்பதிவு, அதற்கும் யாத்திரைப் பதிவு எண் வேண்டும். அதே போலத் தோற்றமளிக்கும் போலித் தளங்களில் பணத்தை விட்டவர்கள் ஏராளம். வாட்ஸப்பில் சீட்டு தருகிறேன் என்கிறவர் யாரையும் நம்பாதீர்கள். மேகம் இறங்கினால் பறப்பை நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதே நல்லது. 2025 ஜூன் 15 அன்று கேதாரிலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே காட்டில் விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஹெலிகாப்டரில் சில நிமிடங்களில் மேலே போகிறவர்களுக்கு உயர நோய் வர வாய்ப்பு அதிகம் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

சோன்பிரயாகையிலிருந்து கேதாருக்கு 12.9 கி.மீ. ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இப்போதைக்கு அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

உயர நோய் என்றால் என்ன?

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். உடம்பு பழக நேரம் வேண்டும். அவகாசம் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரும். இது சாதாரண நிலை, ஓய்வெடுத்து நிறையத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் சரியாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும், இரவு என்றாலும். தரிசனம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து ஆபத்தில் மாட்டியவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

குப்தகாசியிலோ அந்தச் சுற்றுவட்டாரத்திலோ ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுவது உதவும். மது, தூக்க மாத்திரை வேண்டாம். உயர நோயைத் தடுக்கத் தரும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது.

வயதான அப்பா, அம்மாவை அழைத்துப் போகலாமா?

பத்ரிக்கும் கங்கோத்ரிக்கும் தயங்காமல் அழைத்துப் போகலாம், கோயில் பக்கம் வரை வண்டி போகும். யமுனோத்ரி ஜானகிசட்டியிலிருந்து 5, 6 கி.மீ. ஏற்றம். கேதாருக்கு மருத்துவர் சரி என்றால் மட்டும். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் விட்டுவிடுங்கள். வழியில் மருத்துவப் பரிசோதனை மையங்கள் இருக்கின்றன, அங்கே வியாதியை மறைத்துப் பேசாதீர்கள். அவர்களுடைய மாத்திரைகளை நாள் கணக்கைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்ரிநாத்தில் தரிசனம் முடிந்தால் அடுத்து என்ன?

உண்மையில் தரிசனத்துக்கு முன்பே ஒன்று இருக்கிறது. கோயிலுக்குக் கீழே தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்று. வெளியே பல் கிட்டும் குளிர், உள்ளே இறங்க முடியாத சூடு. குவளையால் மொண்டு ஊற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். அலக்நந்தாவின் கரையில் பிரம்ம கபாலம், முன்னோருக்குப் பிண்டம் வைக்கும் இடம். இங்கே தலைமை அர்ச்சகர் ராவல் எனப்படுவார், கேரளத்து நம்பூதிரி. கேதாரின் ராவல் கர்நாடகத்து வீரசைவர். வடகோடியில் இருக்கும் இரண்டு கோயிலுக்கும் தலைமை தென்னாட்டவர்.

அதிகாலையில் நீலகண்ட சிகரத்தில் வெயில் படுவதைப் பார்க்க விடுதியைவிட்டு வெளியே வாருங்கள். பிறகு 3 கி.மீ. தள்ளி மாணா கிராமம். முன்பு இந்தியாவின் கடைசி கிராமம் என்று பலகை இருந்தது, இப்போது முதல் கிராமம் என்று மாற்றிவிட்டார்கள். வியாசர் குகை, பாறைக்கு நடுவே சீறும் சரஸ்வதி, அதன் மேல் பீமன் போட்டதாகச் சொல்லும் கல்பாலம் எல்லாம் அங்கே. மாணாவிலிருந்து வசுதாரா அருவிக்கு நடந்து போய் வரலாம், அரை நாள் வேலை. கூட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் மாணாவோடு திரும்பிவிடுவதால் அந்தப் பாதை அமைதியாக இருக்கும்.

மலையேற்றம் பழக்கமே இல்லை. எதில் தொடங்கலாம்?

துங்கநாத். பஞ்ச கேதாரங்களில் ஒன்று, சுமார் 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிவன் கோயில், கேதாரைவிட உயரம். ஆனால் சோப்டாவிலிருந்து கல் பாவிய பாதையில் 4 கி.மீ. கூட இல்லை. கோயிலைத் தாண்டி இன்னும் ஒன்றரை கி.மீ. ஏறினால் சந்திரசிலை உச்சி, சுற்றிலும் நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா என்று சிகரங்கள் வரிசை கட்டும். ஏப்ரல் வாக்கில் வழியெல்லாம் புராஞ்ச் மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும், ஆனால் கோயில் அப்போது திறந்திருக்காது. கோயிலும் மலையேற்றமும் ஒரே காலையில் வேண்டும் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மலர்ப் பள்ளத்தாக்கு?

1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி பிராங்க் ஸ்மைத் கண்டு வியந்து எழுதியதால் வெளியுலகுக்குத் தெரிந்த இடம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. ஜூன் தொடக்கத்தில் திறந்து அக்டோபர் கடைசியில் மூடுவார்கள், பூக்களுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஜூனில் போய்ப் பூ இல்லை என்று திட்டாதீர்கள்.

பத்ரி வழியில் கோவிந்த்காட்டில் இறங்கி, புல்னா வரை ஜீப், அங்கிருந்து சுமார் 10 கி.மீ. நடந்தால் காங்காரியா. அதுதான் தங்கும் ஊர். பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி இல்லை, காலையில் போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். இன்னொரு நாள் ஹேம்குண்ட் சாகிப்: 4,300 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரைக் குருத்வாரா, காங்காரியாவிலிருந்து 6 கி.மீ. செங்குத்து. மேலே சூடாகக் கிச்சடியும் டீயும் எல்லோருக்கும் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் பிரம்ம கமலம் பூத்திருக்கும், பறிக்கக் கூடாது.

கோமுகம் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும். கோமுகம் என்பது கங்கோத்ரி பனியாற்றின் முனை, பாகீரதி பிறக்கும் இடம். வனத்துறை ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி தருகிறது. கங்கோத்ரியிலிருந்து 18 கி.மீ., வழியில் போஜ்பாசாவில் தங்கல். ஒரே நாளில் போய்வர முடியாது.

பனியில் நடக்க ஆசை. எங்கே?

டிசம்பர் முதல் மார்ச் வரை கேதார்காந்தா. பெயரில் கேதார் இருந்தாலும் கேதார்நாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சாங்க்ரி என்ற ஊரிலிருந்து ஏறும் 3,800 மீட்டர் சிகரம். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். பனிச்சறுக்குக்கு ஆவுலி. ஜனவரி, பிப்ரவரியில்கூடச் சில ஆண்டுகள் பனி போதாமல் போகிறது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் தரை புதைந்து நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டபோது ஆவுலி ரோப்வேயும் நின்றது. ஜோஷிமட்டிலிருந்து ஆவுலிக்குச் சாலை வழியில் சுமார் 15 கி.மீ.

முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறவர்களுக்கு உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் இந்த மாவட்டத்துக்காரர், இங்கே பயின்றவர். இடம் கிடைக்கப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ரிஷிகேஷில் ராஃப்டிங் பாதுகாப்பானதா?

உரிமம் பெற்ற நிறுவனம், பொருந்தும் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் மூன்றும் இருந்தால் சரி. புதிதாக வருகிறவர்களுக்கு சிவ்புரியிலிருந்து 16 கி.மீ. தூரம் போதும். மரைன் டிரைவ், கௌடியாலா ஆகிய இடங்களிலிருந்து தொடங்கினால் இன்னும் நீளம், அலைகளும் முரட்டுத்தனம். 14 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், செப்டம்பர் கடைசியில் மறுபடி தொடங்கும். யாத்திரை முடித்து இறங்கி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது செய்து காலைச் சுளுக்கிக்கொண்டால் கேதார் போய்விடும்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

யாத்திரை வழியெல்லாம் சைவம்தான். ஹரித்வார், ரிஷிகேஷில் இறைச்சியும் மதுவும் தடை. ரொட்டி, தால், ராஜ்மா, உருளைக்கிழங்கு, எங்கும் மேகி. சாதம் கேட்டால் கிடைக்கும், ரசம் கிடைக்காது. பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போகிறவர்களைக் கேலி செய்தவர்கள் மூன்றாம் நாள் கை நீட்டுவார்கள்.

கட்வால் சாப்பாட்டைத் தேடிச் சாப்பிடுங்கள். அவர்களுடைய மண்டுவா நம் கேழ்வரகு, கஹத் நம் கொள்ளு, ஜங்கோரா நம் குதிரைவாலி. ஜங்கோரா பாயசம் எங்கே இருந்தாலும் விடாதீர்கள். யமுனோத்ரியில் சூரிய குண்டத்துக் கொதிநீரில் அரிசியையும் உருளைக்கிழங்கையும் துணியில் முடிந்து வேகவைத்துப் பிரசாதமாகத் தருவார்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழகிய, பிடிமானம் உள்ள ஷூ. புது ஷூ வேண்டாம். மழைக்கோட்டு, அதுவும் பேன்ட்டோடு சேர்ந்தது. உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, மேலே காற்று புகாத ஜாக்கெட். மே மாதத்திலும் கேதாரில் இரவு உறையும் குளிர். டார்ச், பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ்., குல்லா, கையுறை, சன் ஸ்கிரீன். ரொக்கப் பணம் தாராளமாக, யுபிஐ சிக்னல் இருக்கும் இடத்தில் மட்டும். குப்தகாசிக்கும் ஜோஷிமட்டுக்கும் மேலே ஏடிஎம்மை நம்பாதீர்கள். இந்தி தெரியாவிட்டால் பெரிய கஷ்டமில்லை, பாதையில் எதிரே வருகிறவரிடம் ‘ஜெய் கேதார்’ என்று ஆரம்பித்தால் மீதியைக் கையால் பேசிவிடலாம்.

நிலச்சரிவு பயம் நியாயமா?

நியாயம். இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை, பாறை உறுதியற்றது, அதில் சாலைக்காகவும் சரிவுகளை வெட்டியிருக்கிறார்கள். ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகைக்கும் நடுவே சிரோபகட், பத்ரிக்கு முன்னால் லாம்பகட் ஆகிய இடங்கள் மழைக்கு அடைபடுவதில் பெயர் போனவை. இந்த ஸ்ரீநகர் கட்வாலில் இருப்பது, காஷ்மீரில் இருப்பது அல்ல. 2024 ஜூலை 31 இரவு மழையில் கேதார் நடைபாதை பல இடங்களில் அறுந்து, ஆயிரக்கணக்கானவர்களை மீட்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி வழியில் தராலி கிராமத்தை ஓடையின் திடீர் வெள்ளம் சில நிமிடங்களில் மண்ணில் புதைத்தது.

வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டால் இருக்கும் ஊரிலேயே இருங்கள். ஆற்றுப்படுகையை ஒட்டிய விடுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் மழை நாளில் மேட்டில் இருக்கும் அறையை எடுங்கள். சரிவு விழும் இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

நடை சாத்திய பிறகு போனால் தரிசனமே கிடையாதா?

உண்டு, இது பலருக்குத் தெரியாது. பனிக்காலத்தில் உற்சவ மூர்த்திகளைப் பல்லக்கில் கீழே கொண்டு வந்துவிடுவார்கள். கேதாருக்கு ஊகிமட், பத்ரிக்குப் பாண்டுகேஷ்வரும் ஜோஷிமட்டும், கங்கோத்ரிக்கு முக்பா, யமுனோத்ரிக்குக் கர்சாலி. ஆறு மாதமும் பூஜை அங்கே நடக்கும். கூட்டமில்லை, ஏற்றமில்லை, ஊகிமட் கோயில் வாசல் வரை வண்டி போகும். கேதார் ஏற முடியாத பெரியவர்களுக்கு டிசம்பர் அல்லது பிப்ரவரியில் இந்தப் பயணத்தைத்தான் சொல்வேன். ஸ்வெட்டர் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும்.